புல்வெட்டியின் கயிற்றை இழுக்கும் முன்

பெட்ரோல் புல்வெட்டியை எடுக்கும் முன் புல்தரையில் ஒரு நடை நடந்து, கல், கம்பித்துண்டு, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். பிளேடில் பட்டால் தோட்டாவாகத் தெறிக்கும். செருப்பு வேண்டாம், ஷூ அவசியம். இன்ஜின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள்.

ஈரப்புல் அடியில் அடைத்துக்கொண்டதா? இன்ஜினை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, குச்சியால் சுரண்டுங்கள். பிளேடை லேசாகத் திருப்பினாலே இன்ஜின் சட்டென்று உதறிச் சுற்றிவிடலாம். விரல் போவது இப்படித்தான். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆயில் அதில் இறங்கி, அடுத்தமுறை வெண்புகை கக்கும்.

புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள், வெயிலில் மஞ்சளாகிவிடும். சரிவில் குறுக்காகவே தள்ளுங்கள்.