ஆபீஸ் உடை... உடம்புக்கும் ஒத்துக்கொள்கிறதா?

படிப்பு முடிகிற வரை நம் வீட்டுப் பையனுக்கு என்ன உடை? வீட்டில் லுங்கி, வெளியே டீ ஷர்ட், காலில் ரப்பர் செருப்பு. வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்துக்கு முன்பே ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்துவிடுகிறது. முழுக்கைச் சட்டையை பேன்ட்டுக்குள் செருக வேண்டும்; பெல்ட், ஷூ, சாக்ஸ் கட்டாயம்; சில இடங்களில் டையும் உண்டு. பெண்ணுக்கோ நேற்று வரை சுடிதார், ஜீன்ஸ். தனியார் பள்ளியில் டீச்சர் வேலை என்றால் பல இடங்களில் தினமும் புடவைதான்.

வேலைக்கென்று ஒரு மரியாதையான தோற்றம் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வெளியே எப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அதில் இருக்கும். துணி பாலியஸ்டரா பருத்தியா, இறுக்கமா தளர்வா, உள்ளே என்ன போடுவது, வீட்டுக்கு வந்ததும் எப்போது கழற்றுவது... இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. அவை உங்கள் கையில்தான் இருக்கின்றன. சில சமயம் விதியே நாம் நினைப்பதைவிடத் தாராளமாக இருக்கும். தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-ல் வந்த உத்தரவில், ஆண்கள் பேன்ட்டுக்குப் பதில் வேட்டியும் கட்டலாம் என்றே இருந்தது. எத்தனை பேர் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள்!

என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பார்ப்பது படர்தாமரை. வேலையில் சேர்ந்து இரண்டு, மூன்று மாதம் ஆகியிருக்கும். பையன் கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்பான். அம்மாதான் பேசுவார். "தொடை இடுக்குல ஒரே அரிப்பாம் டாக்டர். ஆபீஸ்ல உட்காரவே முடியலையாம். வேலையை விட்டுடறேங்கறான்" என்பார்.

லுங்கியில் காற்று தாராளமாகப் போய்வரும். இறுக்கமான பேன்ட், அதற்குள் இன்னும் இறுக்கமான உள்ளாடை, பஸ்ஸில் ஒரு மணி நேரம் நெரிசல் என்றால் வியர்வை காய வழியே இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்த இடம் காளானுக்குக் கொண்டாட்டம்.

அரிப்பைவிட எனக்குக் கவலை தருவது, வருவதற்கு முன்பே அவர்கள் தடவிவிட்ட கிரீம். "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கடையில் கேட்டு வாங்கிய டியூபில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும். காளான் அடங்காது, சத்தமில்லாமல் பரவும். நாளாக நாளாகத் தோல் மெலிந்து வரி வரியாக விழும். அந்த வரி பிறகு மறைவதில்லை. டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் நீங்களாகத் தடவாதீர்கள். ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால் அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

ஆரம்ப நிலையில், சிறிய வட்டமாக இருக்கும்போது, சித்த மருத்துவத்தில் சீமை அகத்திக் களிம்பு தருகிறோம். வண்டுகொல்லி என்று கிராமத்தில் சொல்கிற செடிதான் அது. இலையை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைத்துப் போடுகிற வழக்கமும் உண்டு. தொடை இடுக்கில் அது வேண்டாம், எரிந்து புண்ணாகிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவியிருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ தோல் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. வழக்கமான மருந்துக்கு மசியாத காளான் இப்போது நம் நாட்டில் பெருகியிருக்கிறது. எந்த மருந்தானாலும் அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும்.

மருந்து பாதி, துணி பாதி. பேன்ட் தைக்கும்போது தொடையில் ஒரு அங்குலம் லூஸ் வைக்கச் சொன்னால் எந்த மேனேஜருக்கும் தெரியப் போவதில்லை. உள்ளே தளர்வான பருத்தி. வீட்டுக்கு வந்ததும் டி.வி. முன்னால் அதே பேன்ட்டோடு உட்காராமல் குளித்து, இடுக்குகளை நன்றாகத் துடைத்துவிட்டு லுங்கிக்கு மாறட்டும். பேன்ட்டை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். துண்டு தனி. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம்.

ஷூவும் இதே கதைதான். ஒரே ஜோடியை ஆறு நாளும் போட்டால் உள்ளே ஈரம் காயாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போட்டால் நாற்றமும் குறையும், ஷூவும் உழைக்கும். சாக்ஸ் தினமும் தோய்த்தது. சாயங்காலம் போய் ஷூ வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் சரியான அளவு தெரியும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால் மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசுவது பழைய கைவைத்தியம். விரல் சிவக்குமே என்றால், ஷூ மறைத்துவிடும்! வெடித்து நீர் வடிந்தால் பூச்சு வேண்டாம். டாக்டரிடம் காட்டி, கொஞ்ச நாள் திறந்த செருப்பு போட ஒரு கடிதம் வாங்கிக்கொடுங்கள். கேட்டால் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

டை கட்டுபவர்களுக்கு ஒரே வரி: காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கமான டை கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது.

இனி புதிதாகப் புடவைக்கு மாறும் பெண்கள். புடவை பழகாதவர்தான் உள்பாவாடை நாடாவை அதிகம் இறுக்குகிறார். கிளாஸில் அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்! தினமும் எட்டு, பத்து மணி நேரம் ஒரே இடத்தில் கயிறு போல அழுத்தினால் இடுப்பில் கறுப்புக் கோடு விழும். பிறகு சொரசொரப்பு, அரிப்பு, சில பேருக்குப் புண். வருடக்கணக்கில் ஆறாத இப்படிப்பட்ட புண் மிக அபூர்வமாகப் புற்றுநோயாவதும் உண்டு. வேட்டி இறுக்கிக் கட்டும் இடுப்பில் இப்படி வருவதைப் பம்பாய் டாக்டர் கானோல்கர் 1945-லேயே எழுதியிருக்கிறார். பயப்படுத்தச் சொல்லவில்லை, கோடு விழும்போதே கவனித்தால் போதும்.

மெல்லிய நாடாவை எடுத்துவிட்டு இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். சாட்டின் பாவாடை வழுக்கும், அதனால்தான் இறுக்கத் தோன்றுகிறது; பருத்திப் பாவாடை புடவையைப் பிடித்துக்கொள்ளும். கொசுவத்துக்கு ஒரு பின் குத்தினால் பயம் பாதி போய்விடும். வேலையில் சேருவதற்கு முன் இரண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே புடவை கட்டிக்கொண்டு வேலை செய்து பழகட்டும். கட்டும் இடத்தையும் ஒரு நாள் ஒரு விரற்கடை மேலே, ஒரு நாள் கீழே என்று மாற்றலாம். ராத்திரி அந்தக் கோட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். தோல் உரிந்து புண்ணாகி மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால், இடுப்பு என்று கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அது ஆறுகிற வரை சுடிதாரில் வர அனுமதி கேட்டு, டாக்டர் கடிதத்தோடு பள்ளிக்கு ஒரு விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கலாம்.