மோட்டார் சைக்கிள் விபத்தும் ஈடு கேட்கும் முறையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாம் காப்பீட்டைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என நண்பர் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், மழை ஓய்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், எம் தந்தையார் தம் மோட்டார் சைக்கிளில் வேலையிடத்தினின்று மீண்டு வருங்கால், குறுக்குச் சந்து ஒன்றினின்று விரைந்து வெளிப்பட்ட வேன் அவரை இடித்துத் தள்ளிற்று. தலைக்கவசம் அணிந்திருந்தமையால் தலை பிழைத்தது. இடக்கை மணிக்கட்டு முறிந்தது. அவர் தொழிலால் தச்சர். அதன்பின் பல திங்கள் யாம் புரட்டிய ஏடுகள் தொல்காப்பியமும் கலித்தொகையும் அல்ல. பாலிசியும், காவல் நிலைய அறிக்கையும், மருத்துவச் சான்றுமே. அவ்வழியிற் கற்றவற்றுள், நாடோறும் இருசக்கர வண்டியில் இக்கல்லூரிக்கு வந்து போகும் அன்பர்க்குப் பயன்படுவனவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். ஈடு என்னும் சிறு சொல்லுக்கு ஒப்பு என்றும், அடகு என்றும், இழந்த பொருளுக்கு மாற்றாகக் கொடுப்பது என்றும் பொருளுண்டு. காப்பீடு என்னும் தொடரில் இம்மூன்றாம் பொருளே நிற்கின்றது. இழந்தது மீளாது, இழந்ததற்கு ஒத்த ஒன்று பணமாக வருதல் கூடும், அவ்வளவே. இத்துறையில் வழங்கும் மற்றொரு தொடர் ‘மூன்றாம் நபர்’ என்பது. எம் அன்னையார் முதலிற் கேட்ட வினா, “இடிச்சவன் ஒருத்தன், இடிபட்டவர் ஒருத்தர், மூன்றாம் ஆள் எங்கிருந்து வந்தான்?” என்பதே. காப்பீட்டு உடன்படிக்கையில் வண்டியின் உரிமையாளர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடாது, அவ்வண்டியால் ஊறுபட்டுத் தெருவிற் கிடப்பவரே மூன்றாம் நபர். ஆகவே வேனின் பாலிசியை நோக்க எம் தந்தையார் மூன்றாம் நபர். தம் மோட்டார் சைக்கிளின் பாலிசியை நோக்க அவரே முதல் நபர். ஒருவரே இவ்விரண்டு நிலையிலும் நிற்றலைத் தெளியாமையாலேயே பலர் தவறான கதவைத் தட்டிக் காலம் போக்குகின்றனர்.

தேரோட்டத்தால் உயிரிழந்த ஆன்கன்றுக்கு ஈடாக மகனையே கொடுத்த சோழன் வரலாறு நம்மனோர் அறிந்ததே. அங்கே ஈடு உயிருக்கு உயிராக நின்றது. யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரமோ வேறு வகையாகப் பேசுகின்றது: அடிபட்டவன் வேலையின்றிக் கிடந்த நாட்களுக்குரிய நட்டத்தையும், அவன் நலமாகும் வரை ஆகும் மருத்துவச் செலவையும் அடித்தவன் கொடுத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. இற்றைத் தீர்ப்பாயங்கள் கணக்கிடும் தலைப்புகளுள் இரண்டு அங்கேயே இருத்தல் எமக்கு வியப்பளித்தது. எனினும், இடித்தவனிடம் பொருளில்லையாயின் என் செய்வது? இவ்வினாவுக்கு விடையாகவே பிரிட்டன் 1930இல் மூன்றாம் நபர்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதனைக் கூற, அப்பகுதி 1946இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஆள்வது 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு 2019இற் செய்த திருத்தமும் ஆகும். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டி வாங்குவோர் மூன்றாம் நபர்க் காப்பை ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுத்தல் வேண்டும். தம் வண்டியின் சேதத்துக்கான காப்போ விரும்பினார் எடுப்பது. பலர் முதலாண்டு முடிந்தபின் அதனைப் புதுப்பியாது விட்டுவிட்டு, ஐந்தாண்டும் முழுக் காப்பு உள்ளதென்றே எண்ணியிருப்பர். உங்கள் பாலிசியில் இரண்டுக்கும் தனித்தனியே தேதி அச்சிட்டிருக்கும். இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.

இனி, விபத்து நிகழ்ந்த அன்றிரவுக்குச் செல்வோம். மருத்துவமனையில் முதலிற் கேட்கப்படும் சில வினாக்களுக்கு வலியின் நடுவே சொல்லும் விடைகள் விபத்துப் பதிவேட்டில் ஏறுகின்றன. யார் ஓட்டினார், எங்கே, எப்போது, எவ்வகை வண்டி இடித்தது என்னும் அந்நான்கு வரிகளே பின்னர் எல்லாருக்கும் அடிப்படையாகின்றன. உடனிருப்போர் அங்கே தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். சிகிச்சைச் செலவுக்கு அஞ்சித் தயங்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்கு உரியது. 2025 மே திங்களில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம் ஏழு நாள் வரையில், ரூ. 1,50,000 வரை பணம் கட்டாது சிகிச்சை பெற வழி செய்தது. அடிபட்டவரைத் தூக்கி வந்த வழிப்போக்கரை வழக்கில் இழுத்து வருத்தலாகாது என்பதும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உள்ளது.

அன்றிரவே வேனின் உரிமையாளர் வந்தார். நல்லவராகவே பேசினார். பத்தாயிரம் ரூபாயை எம் மாமா கையில் வைத்து, காவல் நிலையம் வரை போக வேண்டாம், நமக்குள் முடித்துக்கொள்வோம் என்றார். எலும்பு முறிவின் படம் இன்னும் வெளிவராத நேரம் அது. மாமா வாங்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தார். யாமும் மறுக்கும் அறிவு பெற்றிருந்திலோம். மறுநாள் அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தல் வேண்டும் என்று மருத்துவர் கூறிய பின்னரே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் புகார் எழுதினோம். காலந்தாழ்ந்த முதல் தகவல் அறிக்கையால் உரிமை முற்றும் அழிந்துவிடுவதில்லை. அடிபட்டவரைக் காப்பாற்ற ஓடுவதே உறவினரின் முதற்கடன் ஆதலின், தக்க காரணம் காட்டிய தாமதம் ஒன்றே கொண்டு மனுவைத் தள்ளலாகாது என்று உச்சநீதிமன்றம் 2011இற் கூறியுள்ளது. ஆயினும், அந்த இரண்டு நாளுக்கு விளக்கம் சொல்லும் வேலை எமக்கு வந்து சேர்ந்தது.

இதனினும் பெரிய சோதனை அடுத்த கிழமையில் வந்தது. தந்தையாரின் ஓட்டுநர் உரிமம் நான்கு திங்களுக்கு முன்னரே காலாவதியாகியிருந்தது. யாரும் பார்த்திலோம். மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்க ரூ. 31,000 ஆகும் எனப் பட்டறையார் கணக்கெழுதித் தந்தனர். சொந்தச் சேதக் காப்பு நடப்பில் இருந்தது. ஆனால் செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்கு அக்காப்பு உதவாது. இத்துறையிற் பழகிய ஒருவர், பெயரும் ஊரும் வேண்டா, எம்மைத் தனியே அழைத்து, “தம்பி, வண்டியை அண்ணன் ஓட்டினதாக எழுதிவிடுங்கள். அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு லைசென்சு இருக்கிறதல்லவா? முடிந்தது” என்றார். உண்மையை ஒளிப்பானேன், யாம் அவ்வாறே எழுதத் துணிந்து பேனாவையும் எடுத்துவிட்டோம். கட்டிலிற் கிடந்த தந்தையார் கேட்டுவிட்டு, “ஓட்டினவன் நான். உன் அண்ணன் அன்றைக்குத் திருச்சியில் இருந்தான். நீ எழுதிவிட்டால் அவனும் நானும் நீதிமன்றத்தில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடு” என்றார். உள்ளதை உள்ளவாறே எழுதினோம். நிறுவனம் மறுத்து எழுதிற்று. அம்மறுப்பில் பிழை காண எமக்கு இடமில்லை.

வழக்கறிஞர் பின்னர் விளக்கிய பிறகே அப்பொய்யின் அளவு எமக்கு விளங்கிற்று. மருத்துவமனைப் பதிவேட்டில் ஓட்டியவர் தந்தையார் என்றே உள்ளது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வேறு பெயர் எழுதியிருப்போமாயின், ஒரே விபத்துக்கு இரண்டு கதைகள் ஆகும். முப்பத்தோராயிரத்தைப் பெறப் போய், வேனின் மேல் உள்ள பெருங்கோரிக்கையையும் இழந்திருப்போம். உரிமம் தீர்ந்தமை அப்பெருங்கோரிக்கையைக் கெடுக்குமோ என்று வினவினோம். கெடுக்காது என்றார் அவர். உரிமமின்மை தண்டத்துக்குரிய குற்றமே; ஆனால் விபத்துக்குக் காரணம் எவருடைய கவனக்குறைவு என்பது வேறு வினா. உரிமம் இல்லாத ஒன்றைக்கொண்டே ஒருவரை விபத்துக்குப் பங்காளி ஆக்கலாகாது என்பது 2008இல் உச்சநீதிமன்றம் கூறிய முடிபு.

சொந்தச் சேதத்துக்கு ஈடு பெறும் நல்வினை உடையார்க்கு இரண்டொரு சொல். விபத்தை உடனே நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியைப் பிரித்தலாகாது. கிடந்த நிலையிலேயே படம் எடுத்து வைத்தல் நன்று. பட்டறைக் கணக்கு முழுதும் வருமென எண்ணற்க. பிளாஸ்டிக், ரப்பர், பாட்டரி ஆகியவற்றுக்குச் சரிபாதி தேய்மானம் கழிப்பர். உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிப்பர். தேய்மானமில்லாத் தனிக்காப்பு எடுத்தோர்க்கு இக்கழிவு இல்லை. பழுதுச் செலவு பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் நூற்றுக்கு 75ஐ மிஞ்சுமாயின் முழு இழப்பாகக் கொள்வர். சிறு கீறலுக்கெல்லாம் கோரிக்கை விடுப்பார் அடுத்த ஆண்டில் கோரிக்கையின்மைக்குரிய தள்ளுபடியை இழப்பர். நிறுவனத்தின் முடிவு முறையற்றது எனத் தோன்றின், முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தால் முறையிட்டு, ஒரு திங்களுள் விடை வாராதாயினும், வந்த விடை நிறைவு தாராதாயினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம்.

மூன்றாம் நபராக ஈடு கேட்கும் இடம் வேறு. அது மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம். விபத்து நிகழ்ந்த ஊரிலேதான் தொடுக்க வேண்டும் என்பதில்லை. கோருவோர் வாழும் ஊரிலும் தொடுக்கலாம். 2022 ஏப்ரல் 1க்குப் பின் நிகழ்ந்தவற்றுக்கு ஆறு திங்கள் வரையறை சட்டத்தில் வந்தது. அவ்வரையறை வழக்குக்கு உள்ளானதுண்டாயினும், நாம் ஆறு திங்களையே எல்லையாகக் கொண்டு நடத்தல் நலம். இடித்த வண்டியின் பாலிசி விவரத்தைக் காவல்துறை விசாரித்துத் தன் அறிக்கையிற் சேர்த்தல் வேண்டும். 90 நாளுள் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அளித்தல் அவர் கடன். அதன் படியை நாமும் கேட்டு வாங்குதல் வேண்டும். கேட்டும், மீண்டும் கேட்டும்.

இங்கே ஒரு கவர் வழி உண்டு. எவர் குற்றம் என்று மெய்ப்பியாமலே, உயிரிழப்புக்கு ரூ. 5,00,000உம் கொடுங்காயத்துக்கு ரூ. 2,50,000உம் தருமாறு 164ஆம் பிரிவு வகுத்துள்ளது. எலும்பு முறிவு கொடுங்காயத்துள் அடங்கும். ஆயின் இதனை ஏற்றுக்கொண்டால், குற்றத்தை மெய்ப்பித்து முழு ஈடு கேட்கும் மனு அற்றுப்போகும். மாமா இதனையே விரும்பினார். கையில் வரும் பணம் கண்ணுக்குத் தெரிகின்றதே என்பது அவர் வாதம். வீட்டில் இரண்டு இரவு வழக்காடினோம். முடிவில் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டோம்.

கணக்கு வருமாறு. தந்தையாரின் வயது 44; திங்கள் வருவாய் ரூ. 15,000, ஆண்டுக்கு ரூ. 1,80,000. சொந்தத் தொழில் செய்வார் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவராயின் வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 25 கூட்டுதல் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பால் நிலைபெற்றது; காயம்பட்டு ஊனமுற்றோர்க்கும் இஃது உரியதென 2020இல் தெளிவுபடுத்தினர். கூட்டின் ரூ. 2,25,000. 41 முதல் 45 வரையுள்ள வயதுக்குப் பெருக்கெண் 14 என்பது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணை. பெருக்கின் ரூ. 31,50,000. இதில் ஊனத்தால் வருவாய் எத்துணைப் பங்கு குன்றிற்றோ அத்துணை ஈடாகும். நூற்றுக்கு 30 எனின் ரூ. 9,45,000. மருத்துவச் செலவும், வேலையின்றிக் கிடந்த நாளின் கூலியும், நோவுக்குரிய தொகையும் இதற்குப் புறம்பே. மாமா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் அந்த 30 என்னும் எண்ணை எவர் இடுவது? மருத்துவர் தருவது உடலூனத்தின் அளவு. தீர்ப்பாயம் காண வேண்டுவது தொழிலூனத்தின் அளவு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்று உச்சநீதிமன்றம் 2010இல் விளக்கியபோது எடுத்துக்காட்டிய தொழிலாளருள் தச்சரும் ஒருவர். இடக்கை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் வருவாய் முழுவதையுமே இழத்தல் கூடும்; அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடர்ந்து இருக்கக்கூடும். இப்பகுதியைப் படித்தபோது எம் கண் சற்று மங்கிற்று என்பதை மறைக்கவில்லை. பார்ப்போர், வலக்கை நன்றாக இருக்கின்றதே என்பர். தச்சுப் பட்டறையில் நின்றறியாதார் கூற்று அது. வலக்கை கொட்டாப்புளியை ஓங்குவது. உளியைச் சாய்க்காமல், நழுவாமல், இழைத்த கோட்டின்மேல் நிறுத்துவது இடக்கையே. மணிக்கட்டு திரும்பாவிடின் உளி நில்லாது.

ஆகையால் மனுவில் தொழில் என்னும் கட்டத்தில் ‘தச்சர்’ என்று ஒரு சொல் எழுதி விடாமல், அன்றாடம் எவ்வேலை எக்கையால் நடைபெறுகின்றது என்பதனைத் தந்தையார் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் எழுதி இணைத்தோம். அவரிடம் வேலை வாங்கிய இருவர் தாம் கொடுத்த கூலியைக் குறித்து எழுதித் தந்தனர். மருந்துச் சீட்டுகளைத் தேதி முறையாக ஒட்டினோம். வண்டி வாடகைச் சீட்டு மூன்று காணாமற் போயின, அவை போனவையே. எதிர்த்தரப்பினர் நீட்டும் எத்தாளிலும் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்னும் தொடர் உள்ளதா என்று பார்க்காமல் கையெழுத்திடுவதில்லை என்று வீட்டில் உறுதி செய்துகொண்டோம்.

மனு ஐந்தாம் திங்களில் ஏற்கப்பட்டது. மருத்துவக் குழுவின் முன் செல்லும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. உரிமம் புதுப்பித்தாயிற்று, மோட்டார் சைக்கிள் பட்டறைச் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றது. தந்தையார் காலையில் திண்ணையிலமர்ந்து, அரை அங்குல உளியை இடக்கையிற் பிடித்துப் பலகைத் துண்டொன்றின்மேல் நிறுத்திப் பார்க்கின்றார். சென்ற கிழமை பத்து எண்ணும் வரையில் நின்றது.