சூடேறியபின் மீண்டும் இயங்க மறுக்கும் உழவு இயந்திரம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், பழுகாமத்தையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் சேர்ந்த கமக்காரரின் மாரிப்போக வேளாண்மை ஐப்பசி மழையோடு தொடங்குகின்றது. உழவுக்கும் விதைப்புக்கும் ஏற்ற ஈரம் வயலில் சில நாட்களே நிற்கும். அந்நாட்களில் உழவு இயந்திரம் வரம்போரத்தில் நின்றுவிடின், ஒரு காணியின் உழவு மாத்திரமன்றி, அவ்வியந்திரத்தை எதிர்பார்த்திருக்கும் அயற்காணிகளின் விதைப்பும் பிந்திவிடும்.

பழைய இயந்திரங்களிற் பெரிதும் காணப்படும் குறை ஒன்று உண்டு. காலையில் அது உடனே இயங்கும். நண்பகலில் உணவுக்காக நிறுத்தினால் மீண்டும் இயங்காது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால், ஒன்றும் நேராததுபோல இயங்கும். இதற்கு அஞ்சிச் சிலர் எஞ்சினை நிறுத்தாமலே நாள் முழுவதும் ஓடவிடுகின்றனர். அதனால் டீசல் வீணாவதோடு குறையும் வளர்கின்றது.

1959ஆம் ஆண்டின் இறுதி முதல் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினுடன் வந்த மாசி பெர்குசன் 35, 1964இல் வெளிவந்த 135 ஆகியன நம் நாட்டு வயல்களில் நெடுங்காலம் உழைத்தவை. இங்கே கூறப்படுவன அவ்வகை இயந்திரங்களுக்குச் சிறப்பாகப் பொருந்தும்.

முதலில் அறியவேண்டியது

சாவியைத் திருப்பும்போது எஞ்சின் எவ்வாறு சுழல்கின்றது என்பதைக் கவனியுங்கள். காலையிற் சுழலும் வேகத்திலேயே சூட்டிலும் சுழன்று, ஆனாற் பற்றிக்கொள்ளாவிடின், குறை எரிபொருளில் உள்ளது. மெதுவாக முனகிச் சுழன்றால் அல்லது அசையாவிடின், குறை மின்சாரத்தில் அல்லது எஞ்சினின் மிகுசூட்டில் உள்ளது. இவ்வேறுபாட்டை அறியாமல் பற்றரியை மாற்றுவதும் பம்பைக் கழற்றுவதும் வீண் செலவாகும். ஆறிய நிலையில் உடனே இயங்கும் எஞ்சினில் அமுக்கம் போதியதாகவே இருக்கும். ஆகையால் பிஸ்டன், வளையம் என்பவற்றை முதலில் ஐயுற வேண்டியதில்லை.

அ. மெதுவாகச் சுழன்றால்

1. பற்றரியின் முனைகளையும், எஞ்சின் உடலோடு பூட்டப்பட்ட மண்தொடுப்பு வடத்தின் முனையையும் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கமாகப் பூட்டுக. வாவிக்கரையின் உவர்க்காற்றும் சேற்றுழவின் ஈரமும் இம்முனைகளை விரைவில் அரிக்கும்.

2. செம்புக் கம்பி சூடேறும்போது அதன் மின்தடையும் ஏறும். 50 பாகை செல்சியஸ் சூடு கூடின், தடை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிகும். காலையில் தட்டுத்தடுமாறி வேலைசெய்யும் ஸ்ராட்டர் மோட்டார் நண்பகலில் தோற்பது இதனாலேயே. 12 வோல்ற் பற்றரி, எஞ்சினைச் சுழற்றும்போது ஏறக்குறைய 9½ வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால், பற்றரியைச் சோதிப்பிக்க. பற்றரி நன்றாயிருந்தும் சுழற்சி மந்தமாயின், ஸ்ராட்டரின் கரித்துண்டுகளையும் புஷ்களையும் பார்ப்பிக்க.

3. றேடியேற்றரின் முகத்தைப் பாருங்கள். சூடடிப்புக் காலத்தில் பதரும் வைக்கோற் தூசியும் அங்கே படிந்து காற்றை மறிக்கும். நீர் குறைந்தோ, விசிறிப்பட்டி தளர்ந்தோ இருந்தாலும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி இறுகும்.

ஆ. நன்றாகச் சுழன்றும் பற்றாவிடின்

1. நிறுத்தும் இழுவைப்பிடி முழுமையாக உள்ளே திரும்பியுள்ளதா எனப் பாருங்கள். எளிய இக்காரணம் அடிக்கடி மறக்கப்படுகின்றது.

2. டீசற் தாங்கியின் மூடியைத் தளர்த்திவிட்டு இயக்கிப் பாருங்கள். உடனே இயங்கின், மூடியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது.

3. சுழற்றும்போது புகைக்குழாயை நோக்குக. வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டரை அடைகின்றது. புகையே இல்லையெனில் டீசல் போதிய அளவு அடையவில்லை. அவ்வாறாயின் வடிகட்டியை மாற்றி, குழாய் இணைப்புகளை இறுக்கி, முதலில் வடிகட்டியிலும், அடுத்துப் பம்பிலும், ஈற்றில் இன்ஜெக்டர் குழாய்களிலும் காற்றை வெளியேற்றுக.

4. இவையெல்லாம் செய்தும் பயனில்லையெனில், இன்ஜெக்டர் பம்பு தேய்ந்திருக்கக்கூடும். சூடான டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த பம்பினுள் அது இடைவெளிகளாற் கசிவதால், ஸ்ராட்டரின் குறைந்த வேகத்தில் போதிய அழுத்தம் உண்டாவதில்லை. ஆறிய டீசல் தடிப்பாக இருப்பதால் காலையில் இக்குறை தோன்றாது.

இதனை அறிய ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தியபின், தண்ணீரில் நனைத்த துணியைப் பம்பின்மீது பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். துணியின்றி ஒரு மணித்தியாலம் ஆறவேண்டிய எஞ்சின் இப்போது பத்து நிமிடத்தில் இயங்கின், பம்பே காரணமெனப் பெரிதும் கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் பம்பில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றலாகாது. உள்ளுறுப்புகள் திடீரெனச் சுருங்கி இறுகிவிடும். ஈரத்துணி அன்றைய உழவை முடிக்க உதவும், குறையைத் தீர்க்காது. பம்பைத் தாமே பிரிக்காமல், அதற்குரிய சோதனைப் பொறியுள்ள திருத்துமிடத்தில் ஒப்படைக்க.

இ. பழைய பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்கள்

1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல்நிறப் பெர்குசன் ஒன்று உங்களிடமிருப்பின், சூட்டில் தீப்பொறி மங்குகின்றதா எனப் பாருங்கள். பற்றவைப்புச் சுருளும் கண்டென்சரும் சூடேறியபின் பழுதுகாட்டுவதுண்டு. மண்ணெண்ணெயில் ஓடும் வகையாயின், நிறுத்துவதற்குச் சற்று முன் பெற்றோலுக்கு மாற்றுக; காபரேற்றரில் பெற்றோல் நிற்பின் மீண்டும் இயக்குவது எளிது.

ஈ. செய்யத் தகாதவை

நிலத்தில் நின்றுகொண்டு, ஸ்ராட்டரின் முனைகளை ஆணியாலோ திருப்புளியாலோ தொட்டு எஞ்சினை இயக்குவது உயிருக்கு ஆபத்து. கியர் பூட்டியிருப்பின் இயந்திரம் பாய்ந்து, முன்னிற்பவர்மீது பெரிய சில்லு ஏறிவிடும். இருக்கையில் அமர்ந்து, கியரை நடுநிலையில் வைத்தபின்னரே இயக்குக. சூடான றேடியேற்றர் மூடியையும் திறக்கலாகாது. பீறிடும் கொதிநீர் முகத்தை வேகவைக்கும்.

உ. குறை வராமற் காத்தல்

பம்பின் உள்ளுறுப்புகளுக்கு அதனூடாகச் செல்லும் டீசலே எண்ணெயாகவும் உதவுகின்றது. விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலப்பவர், அவ்வுறுப்புகளைத் தாமே தேய்ப்பவராவர். டீசலை மூடிய பீப்பாவில் ஒருநாள் தெளியவிட்டு, அடியிற் கிடப்பதைச் சேர்க்காது ஊற்றுக. வடிகட்டிக் கிண்ணத்தில் தேங்கும் நீரை உழவுக்காலத்தில் நாள்தோறும் வடித்துவிடுக.

மழை தொடங்குமுன், புரட்டாதி மாதத்திலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இயந்திரத்தை ஒரு மணித்தியாலம் வேலைசெய்வித்து, நிறுத்திப் பத்து நிமிடங் கழித்து மீண்டும் இயக்குக. தயங்கின், மேலே கூறிய முறைப்படி காரணத்தை அறிந்து, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்கோ மட்டக்களப்புக்கோ திருத்தக் கொண்டுசெல்ல அப்போது நாளிருக்கும். விதைப்பு நாளில் அந்த அவகாசம் கிடைக்காது.