சிற்றாறு எங்கே போச்சு?



டேட்டாபேஸ் லேப் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கும்தான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் புத்தகத்தில் வரும் 'எம்ப்ளாயி', 'டிபார்ட்மென்ட்' டேபிள்களை மூடி வைத்துவிட்டு, நம்ம ஊர் ஆற்றையும் அணையையும் வைத்துப் பழகினேன்.

'ஆறுகள்' டேபிளில் ஆறு வரிசை: சிற்றாறு, குண்டாறு, அனுமன்நதி, கருப்பாநதி, இராமநதி, கடனாநதி. 'அணைகள்' டேபிளிலும் ஆறு வரிசை. குண்டாறு (36 அடி), அனுமன்நதியில் அடவிநயினார் (132 அடி), கருப்பாநதி (72), இராமநதி (84), கடனாநதி (85), மணிமுத்தாறு (118). 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது மணிமுத்தாறு நெல்லையோடு நின்றுவிட்டது. ஆனாலும் வேண்டுமென்றேதான் சேர்த்தேன்.

ஆற்றின் பெயரை வைத்து இன்னர் ஜாயின் போட்டால் 5 வரிசை வரும். சிற்றாறு எங்கே? பேரருவியாய் விழுகிற ஆறே காணோம்! அதில் தடுப்பணைகள் உண்டு, தண்ணீர் தேக்கும் பெரிய அணை இல்லை. ஜோடி கிடைக்காத வரிசையை இன்னர் ஜாயின் சத்தமில்லாமல் விட்டுவிடும். எர்ரர் எதுவும் காட்டாது.

'ஆறுகள்' பக்கம் லெப்ட் ஜாயின் போட்டால் 6 வரிசை. சிற்றாறு வந்துவிடும், அணை இருக்க வேண்டிய இடத்தில் 'நல்', அதாவது வெறுமை. ரைட் ஜாயினிலும் 6 தான், ஆனால் மணிமுத்தாறு வரும், சிற்றாறு போய்விடும். ஃபுல் அவுட்டர் ஜாயினில் இருவரும் வருவார்கள், 7. மைஎஸ்க்யூஎல்லில் ஃபுல் அவுட்டர் கிடையாது. லெப்டையும் ரைட்டையும் 'யூனியன்' போட்டு ஒட்டணும். கிராஸ் ஜாயின் எல்லாவற்றோடும் எல்லாவற்றையும் கோர்த்து 36 வரிசை தரும். நிபந்தனையை மறந்தாலும் இதே கூத்துதான்.

செல்ஃப் ஜாயினுக்கு 'சேருமிடம்' என்று ஒரு காலம் போதும். இராமநதி கடனாநதியில் சேரும், கடனாநதி தாமிரபரணியில் சேரும். ஒரே டேபிளை இரண்டு பெயரில் கூப்பிட்டால் இந்த வழி தெரியும்.

1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த காட் என்பவர் டேபிள்களாய்ப் பிரித்து வைக்கும் இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதினார். பிரித்தது சரி, சேர்க்கும்போதுதான் நாம் கோட்டை விடுகிறோம். நான் விட்டதைச் சொல்கிறேன்.

இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்குப் பெயர்ப் பட்டியல் எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மாணவர் டேபிளையும் கட்டண டேபிளையும் இன்னர் ஜாயின் போட்டு, பிரிண்ட் எடுத்து, போர்டில் ஒட்டினேன். "ஏலே, ஒம் பேரையே காணோம்ல!" என்று ஒருத்தன் சிரித்தான். பார்த்தால் 44 பேரில் 41 பேர்தான். எங்க அப்பா குற்றாலத்தில் சீசனுக்குத் துண்டும் எண்ணெயும் விற்பவர். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாட்களில் வியாபாரமே இல்லை, நான் பணம் கட்டவில்லை. அதான் கட்டண டேபிளில் எனக்கு ஜோடி இல்லை. விடுபட்ட இன்னொரு மாணவி அந்தப் பட்டியலை என்னைவிட முன்பே பார்த்திருக்கிறார். பணம் கட்டாததால் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து யாரிடமும் கேட்காமல் இருந்துவிட்டாராம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பஸ் கிளம்பியிருக்கும்.

உடனே லெப்ட் ஜாயினாக மாற்றினேன். அப்பவும் நாங்கள் மூவரும் வரவில்லை! காரணம், 'செமஸ்டர் = 4' என்பதை 'வேர்' பகுதியில் எழுதியிருந்தேன். வெறுமையான இடம் 4-க்குச் சமமாகாது. ஆகவே 'வேர்' எங்கள் மூன்று பேரையும் திரும்ப வடிகட்டிவிட்டது. அந்த நிபந்தனையை 'ஆன்' பகுதிக்குக் கொண்டுபோனதும் மூவரும் வந்தோம். ஆனால் மொத்தம் 46 வரிசை என்று காட்டியது! இரண்டு தவணையில் கட்டிய இருவரின் பெயர் இரண்டு தடவை. மாணவர் எண்ணுக்கு 'குரூப் பை' போட்டுத் தொகையைக் கூட்டினேன், சரியானது. கட்டாதவர்களை மட்டும் பார்க்கணும்னா, கட்டண டேபிளின் மாணவர் எண் 'இஸ் நல்' என்று 'வேர்' பகுதியில் எழுதுங்கள். அங்கே 'ஈக்வல் டு நல்' வேலைக்கு ஆகாது.

பழைய பேப்பரைக் கிழித்துவிட்டு, தொகைக் காலத்தை நீக்கி, பெயரை மட்டும் வைத்துப் புதுசு ஒட்டினேன். அந்த மாணவியிடம் நானே போய், தப்பு என்னோடது என்று சொன்னேன். பஸ்ஸில் 44 பேரும் போனோம்.