ஆமைக்கு வயிறு கட்டினால்...

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. இங்கே டில்லியில் நிலைமை நேர் எதிர். வாஸ்துவுக்கு நல்லது, வீட்டில் செல்வம் தங்கும் என்று சொல்லி, மீன்தொட்டிக் கடையிலிருந்து சின்னஞ்சிறு பச்சை ஆமைக்குஞ்சை வாங்கி வந்து வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டில் பார்த்த நம் குழந்தைகளும் கேட்கிறார்கள். நாமும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். பொங்கல் விழாவில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நம் சங்கக் குடும்பங்களிலேயே நாலைந்து வீடுகளில் ஆமை இருப்பது தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே கவலைதான்: "குளிர் வந்தால் எங்கள் ஆமை சாப்பிடவே மாட்டேன் என்கிறது." எங்கள் வீட்டிலும் அதே கதை நடந்தது. அதில் நான் செய்த தவறுகளையும், பிறகு கற்றுக்கொண்டதையும் எழுதினால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

முதலில், உங்கள் ஆமை எது?

கடைகளில் பெரும்பாலும் விற்பது சிவப்புக்காது ஸ்லைடர் என்னும் நீராமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். கால் விரல்களுக்கு இடையில் சவ்வு இருக்கும். இதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப் பகுதி. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். ஆனால் பெண் ஆமை ஓர் அடி நீளம் வரைகூட வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள் வரை வாழும். இந்தக் கணக்கைக் கடைக்காரர் சொல்வதில்லை.

நம் நாட்டு நட்சத்திர ஆமையை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் வந்த திருத்தம் அதை முதல் அட்டவணையில், புலி, யானைக்குச் சமமான பாதுகாப்பில் வைத்திருக்கிறது. வெளிநாட்டுத் தரை ஆமைகளுக்கும் 2024-இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்யவேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் பேத்தியின் ஆமைக்குச் சிப்பி என்று பெயர். நாலு வயது. ஓடு 14 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் பேத்தி வந்து, "பாட்டி, சிப்பி மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலை" என்றாள். "குளிருக்கு ஆமை தூங்கும்மா, நானும் படிச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இது என் முதல் தவறு.

ஒரு வாரம் ஆயிற்று. தொட்டித் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாகவே இருந்தது. "பரவாயில்லையே, அழுக்கே இல்லை" என்று சந்தோஷப்பட்டேன். ஆமை மலமே கழிக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள் என்று அப்போது புரியவில்லை. பசிக்கும் என்று நினைத்து நாலு தயிர்சாதப் பருக்கையைப் போட்டேன். இது இரண்டாவது தவறு. குழந்தைகளுக்கு வயிறு கட்டினால் நாம் என்ன செய்வோம்? விளக்கெண்ணெய்தான். ஸ்பூனில் ஊற்றிக்கொண்டு வந்தேவிட்டேன். "அம்மா, வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கலாம்" என்று மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் மூன்றாவது தவறு நடக்காமல் போயிற்று.

பறவை, ஆமை முதலியவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் எத்தனை டிகிரி?" எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்து அளக்கச் சொன்னோம். 15 டிகிரி. அடுத்து எக்ஸ்ரே எடுத்தார். வயிற்றில் நாலு கூழாங்கற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. தொட்டிக்கு அழகாக இருக்கட்டும் என்று கடையில் வாங்கிப் போட்ட வண்ணக் கற்கள்தான் அவை.

குளிரில் ஏன் வயிறு கட்டுகிறது?

நம் உடம்பு வெளியே குளிராக இருந்தாலும் 37 டிகிரியில் நிற்கும். ஆமைக்கு அப்படி இல்லை. சுற்றியுள்ள தண்ணீரும் காற்றும் என்ன சூடோ அதுதான் அதன் உடம்புச் சூடு. ஜீரண நீர்கள் வேலை செய்யவும் குடல் அசையவும் அந்தச் சூடு வேண்டும். ஸ்லைடருக்குத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரையிலும், ஏறி உட்கார்ந்து காயும் இடம் 32 முதல் 35 டிகிரி வரையிலும் இருக்கவேண்டும். டில்லி ஜனவரியில், கணப்பு இல்லாத அறையில், தொட்டித் தண்ணீர் 15-க்கு இறங்கிவிடுகிறது. அப்போது குடல் ஏறக்குறைய நின்றுவிடும். உள்ளே போன உணவு நகராமல் கிடந்து கெட்டுப்போகும். ஆமையும் பசி இல்லாமல் ஒதுங்கும்.

'குளிர்கால உறக்கம்தானே' என்று விட்டுவிடக்கூடாது. இயற்கையில் உறங்கும் ஆமை அதற்கு முன்பே வயிற்றைக் காலி செய்துகொண்டு, இன்னும் குளிரான இடத்துக்குப் போய்விடும். நம் வீட்டின் 15 டிகிரி உறங்கவும் போதாது, ஜீரணிக்கவும் போதாது. ஆமைகள் நலிந்துபோவது இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான்.

குளிரைத் தவிர வேறு காரணங்களும் உண்டு: கல், மணல் விழுங்குதல், காய்ந்த இறாலையே தினமும் போடுதல், வெயில் இல்லாததால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து உடம்பு வலுவிழத்தல், பெண் ஆமையானால் முட்டை உள்ளே தங்கிவிடுதல். ஆண் துணை இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டை போடும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. சூட்டை அளந்து சரிசெய்யுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதுதான். மீன்தொட்டித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்; கையை விட்டுப் பார்ப்பது அளவாகாது. தொட்டி ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள், இல்லாவிட்டால் ஆமை மோதிக் கண்ணாடி உடையலாம். தண்ணீரில் கை வைக்குமுன் சுவிட்சை அணையுங்கள். ஒரே நாளில் சூட்டை ஏற்றாமல், நாளுக்கு இரண்டு டிகிரி என்று ஏற்றுங்கள். சூடு சரியாகும்வரை உணவு போடவேண்டாம்.

2. வெதுவெதுப்பான குளியல். ஒரு பிளாஸ்டிக் டப்பில் 28 முதல் 30 டிகிரித் தண்ணீர், ஆமையின் தோள் அளவுக்கு மட்டும். தலையை எளிதாக வெளியே தூக்க முடியவேண்டும். காலையும் மாலையும் அரைமணி நேரம். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். சுடுதண்ணீரை ஆமை இருக்கும்போது நேராக ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பும் கால்களின் அசைவும் குடலைத் தூண்டும். டப் சின்னதாக இருப்பதால் மலம் போயிற்றா, அதில் கல் இருக்கிறதா என்பதும் உடனே தெரியும். குளித்தபின் துடைத்துக் காற்றுப் படாத இடத்தில் வையுங்கள்.

3. வெளிச்சம். ஆமைக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடுகிறது. நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் பால்கனியில் அரைமணி நேரம் வையுங்கள். ஒதுங்கப் பாதி நிழலும் இருக்கட்டும். காக்கை, பருந்து வரும், பக்கத்திலேயே இருங்கள். மே மாத வெயிலில் இதைச் செய்யாதீர்கள். சில நிமிஷங்களில் ஆபத்தாகிவிடும்.

4. எடை. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, காலண்டரில் எழுதுங்கள். நோய் கண்ணுக்குத் தெரியுமுன் எடையில் தெரிந்துவிடும்.

5. பிறகுதான் உணவு. நீராமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். தரையில் வைத்துவிட்டுச் 'சாப்பிடவில்லை' என்று கவலைப்படவேண்டாம். முதலில் துருவிய மஞ்சள் பூசணி, கேரட், லெட்யூஸ் இலை, செம்பருத்திப் பூ என்று கொஞ்சமாகப் போடுங்கள். அசையும் மண்புழு ஒன்று போட்டால் பல ஆமைகளுக்குப் பசி திரும்பும். பூச்சிமருந்து படாத மண்ணிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும். வழக்கமான உணவாக ஆமைக்கென்றே விற்கும் உருண்டைகளை, அதன் தலையளவுக்கு மேல் போகாமல் போடுங்கள். குஞ்சுக்குத் தினமும், பெரிய ஆமைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். வளர வளர இலையும் காயும் அதிகமாகவேண்டும். பாலக்கீரையைத் தினமும் போடாதீர்கள். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

செய்யக்கூடாதவை

விளக்கெண்ணெய், நமக்கான பேதி மாத்திரை, எனிமா எதுவும் கூடாது. வாயைத் திறந்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். வயிற்றைப் பிதுக்காதீர்கள். பால், தயிர், சாதம், ரொட்டி, பிஸ்கட் ஆமைக்கு உணவல்ல. தொட்டியில் சிறு கல் வேண்டாம். வெறும் தரையாக விடுங்கள், அல்லது ஆமையின் தலையைவிடப் பெரிய கல்லாகப் போடுங்கள்.

எப்போது டாக்டர்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

- மூக்கிலோ வாயிலோ குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துதல். இவை நிமோனியாவின் அறிகுறிகளாக இருக்கலாம்.
- கண் வீங்கி மூடிக்கொள்ளுதல். பெரும்பாலும் ஏ வைட்டமின் குறைவால் வரும். கண் தெரியாத ஆமை உணவைத் தேடாது.
- ஓடு அழுத்தினால் அமுங்குதல்.
- முக்கிக்கொண்டே இருத்தல், பின்னங்கால்களால் தோண்டிக்கொண்டே இருத்தல்.
- பின்புறத்திலிருந்து சதை வெளியே தொங்குதல். சுத்தமான ஈரத் துணியால் மூடி, அன்றைக்கே கொண்டுபோங்கள்.
- தண்ணீர்ச் சூடு சரியாக இருந்தும் பெரிய ஆமை ஒரு வாரமோ, குஞ்சு மூன்று நாலு நாளோ சாப்பிடாமல் இருத்தல்.

கொண்டுபோகும்போது தண்ணீரில் வைக்காமல், காற்றோட்டமான டப்பாவில் ஈரத் துண்டு விரித்து, குளிர்படாமல் கொண்டுபோங்கள். தண்ணீரின் சூடு, கடைசியாகச் சாப்பிட்ட நாள், என்ன உணவு, எடை இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

சிப்பி என்ன ஆயிற்று?

டாக்டர் தோலுக்கடியில் திரவ ஊசி போட்டார். "இரண்டு வாரம் பார்ப்போம், கல் நகரவில்லையென்றால் அறுவைதான்" என்றார். ஹீட்டர் வாங்கினோம். காலையும் மாலையும் குளிப்பாட்டுவது பேத்தியின் வேலை. தெர்மாமீட்டர் பார்ப்பது என் வேலை. ஆறாம் நாள் முதல்முறையாக மலம் போயிற்று. ஒன்பதாம் நாள் இரண்டு கல். பதினோராம் நாள் சிப்பி ஒரு துண்டுப் பூசணியைக் கவ்வியது. பேத்தி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிவிட்டார். மூன்று வாரத்தில் நாலு கல்லும் வந்துவிட்டன. மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் வயிறு சுத்தம். 460 கிராமிலிருந்து 420-க்கு இறங்கிய எடை, ஹோலிக்குள் பழையபடி ஆயிற்று.

கடைசியாக இரண்டு வார்த்தை. ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவக் குழந்தைகளைப் பழக்குங்கள். ஆமையின் உடம்பில் ஸால்மனெல்லா கிருமி இருக்கக்கூடும். அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975-இல் தடைசெய்ததே இதனால்தான். தொட்டியைச் சமையலறைத் தொட்டிமுற்றத்தில் கழுவாதீர்கள்.

வளர்க்க முடியவில்லை என்று யமுனையிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறோம். ஆனால் இந்த அந்நிய ஆமை அங்கே பெருகி, நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. வளர்க்கக்கூடிய வேறு வீட்டைத் தேடிக் கொடுங்கள்.

இன்னும் வாங்காதவர்கள், 30 ஆண்டு என்ற கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கிவிட்டவர்கள், இந்தத் தீபாவளிக்குப் பட்டாசோடு ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி வையுங்கள். ஆமை வாய் திறந்து "குளிருகிறது" என்று சொல்லாது. உணவை ஒதுக்கித்தான் சொல்லும்.