பணத்தை எண்ணாதே, தட்டை எண்ணு

அன்புத் தம்பிக்கு,

சந்தையில் கிடேரிக் கன்று பிடித்து, மேய்த்து, சினையாக்கி விற்கப்போவதாக எழுதியிருந்தாய். கையிலிருக்கும் பணத்துக்கு எத்தனை உருப்படி பிடிக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் உன்னைப்போல் இறங்குகிற பிள்ளைகள் நிறையப் பேர் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். எத்தனை உருப்படி என்பதை உன் பணம் சொல்லாது, தட்டுப்போர்தான் சொல்லும்.

150 கிலோ எடையுள்ள கிடேரிக்கு ஒரு நாளைக்கு நாலு கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த தீவனச் சத்து உள்ளே போகவேண்டும். மழைக்காலத்தில் வரப்பும் தரிசும் அதைக் கொடுத்துவிடும். மாசியிலிருந்து வைகாசிவரை நாலு மாதம் வசிஷ்ட நதியே மணலாகக் கிடக்கும்போது தரையில் ஒன்றும் இருக்காது. அந்த நாலு மாதத்துக்குத் தலைக்கு அரை டன் சோளத்தட்டு வேண்டும். இரண்டு டன் இருந்தால் நாலு கிடேரி. ஐந்தாவதைக் கட்டினால் மற்ற நாலும் சேர்ந்து இளைக்கும்.

காங்கேயத்துக்காரர்களின் கொரங்காட்டை ஒருமுறை போய்ப் பார். முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். மழை விழுந்ததும் மாட்டை உள்ளே விட்டுவிட மாட்டார்கள், புல் வேர் பிடித்து எழும்வரை காடு சும்மா கிடக்கும். உன் இரண்டு ஏக்கர் தரிசையும் நாலாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய். மொத்தமாகத் திறந்துவிட்டால் நல்ல புல்லைக் கடித்துத் தீர்த்துவிட்டுப் பார்த்தீனியத்தை மட்டும் உனக்கு விட்டுவைக்கும்.

நம் பூமியில் ஓர் ஆபத்தும் உண்டு. வாடிய இளஞ்சோளப் பயிரிலும், பச்சை மரவள்ளி இலையிலும் தோலிலும் சயனைடு இருக்கிறது. பசியோடிருக்கும் கிடேரி ஒன்று வேலி தாண்டி முழங்கால் உயரச் சோளத்தில் இறங்கினால், டாக்டர் வருவதற்குள் மூச்சிரைத்து விழுந்துவிடும். மழையில்லாமல் சுருண்டு நிற்கும் சோளத்துக்குப் பக்கத்தில் மாட்டைக் கட்டவே கட்டாதே. மரவள்ளி இலையை நன்றாகக் காயவைத்துக் கொஞ்சமாகப் போடு.

இனி சந்தை. வெளிநாடுகளில் காளைக்கன்றை ஏலத்தில் எடுத்து, புல்லில் எடை ஏற்றி, இறைச்சிக்கு விற்பார்கள். இங்கே அந்த வழி இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் தமிழ்நாட்டில் அறுக்கலாம். அதனால் நமக்கு லாபம் சினைக்கிடேரியில்.

ஏலமும் நம் சந்தையில் கிடையாது. ஏலம் போவது சுங்கம் வசூலிக்கிற உரிமைதான். புதன்சந்தைக்குப் போனாலும் ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போனாலும், மாட்டுக்கு விலை துண்டுக்குள் விரல் பிடித்துத்தான். ஏலத்தில் அடுத்தவன் கேட்கும் விலை உன் காதில் விழும். துண்டுக்குள் தரகர் சொல்வதுதான் விலை. அதனால் உன் கணக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோ.

அதற்கு ஓர் இஞ்சு டேப் போதும். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் மார்பைச் சுற்றி அள. தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்புவரை நீளம் எடு. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 50, நீளம் 44 என்றால் 167 கிலோ. உப்பும் தவிடும் கொடுத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை உருட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். வயிற்றைப் பார்த்து மயங்காமல் விலாவைத் தடவிப் பார்.

கீழுதட்டை இறக்கிப் பல்லைப் பார். "ஒன்றரை வயசுதாங்க" என்று காட்டுகிற கிடேரிக்கு நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் அது இரண்டு வயது தாண்டியது. அந்த வயதில் 150 கிலோதான் என்றால் வளர்ச்சி நின்றுபோன உருப்படி. காளையோடு இரட்டையாகப் பிறந்ததா என்றும் கேள். அப்படிப் பிறந்த கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது. சுழியில் உனக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். உன்னிடம் வாங்க வருகிறவர் சுழி பார்ப்பார், அதனால் நீயும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

குட்டியானையிலிருந்து இறக்கியதும் நேரே பட்டிக்குள் விடாதே. மூன்று வாரம் தனியாகக் கட்டு. கோமாரியும் தோல்கட்டி நோயும் சந்தை வழியாகத்தான் வீட்டுக்கு வரும். குடற்புழு நீக்கு, உண்ணி பார், காதுவில்லை எண்ணைச் சொல்லி என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கால்நடை மருந்தகத்தில் விசாரி. 150 கிலோவில் பிடித்த கலப்பினக் கிடேரி நாளைக்கு 400 கிராம் ஏறினால் எட்டரை மாதத்தில் 250 கிலோவைத் தொடும். சினை ஊசிக்கு அதுவே பக்குவம். 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். கத்தும், கண்ணாடிபோல் வழும்பு தொங்கும். பார்க்கத் தவறினால் இன்னொரு மூன்று வாரத் தீவனம் நஷ்டம். ஊசி போட்ட மூன்றாம் மாதம் டாக்டரை வைத்துச் சினை உறுதி செய். ஆறு மாதச் சினையில் விற்கலாம். ஆக, வாங்கியதிலிருந்து ஏறக்குறைய பதினைந்து மாதம்.

அந்தப் பதினைந்து மாதத்துக்கு நாளைக்கு 50 ரூபாய்த் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கினால் 22,500 ரூபாய் ஆகிவிடும். இதைத் தாங்கும் சக்தி இந்தத் தொழிலுக்கு உண்டா? கணக்குக்காக, சினைக்கிடேரி 50,000, சிறு கிடேரி 20,000 என்று வைத்துக்கொள். இடையிலிருக்கும் 30,000தான் உன் புல்லுக்கும் தட்டுக்கும் உழைப்புக்கும் சந்தை கொடுக்கிற கூலி. தீவனம் போனால் 7,500 மிஞ்சும். ஊசி, வண்டிவாடகை, தரகு எல்லாம் அதற்குள்தான் அடங்கவேண்டும். சொந்தப் புல் இல்லாதவனுக்கு இந்தத் தொழில் ஆகாது.

"வாங்கும்போதே லாபம் பார்க்கணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சந்தை சரிந்து சினைக்கிடேரி 40,000-க்கும் சிறு கிடேரி 14,000-க்கும் வந்துவிட்டது என்று வை. பத்தாயிரம் போச்சே என்று மாட்டைத் திருப்பி ஓட்டிவருவார்கள். வந்த மாடு தினமும் தின்னும், விலை ஏறுமா என்பது தெரியாது. அன்றைக்கே விற்று அன்றைக்கே சிறு கிடேரி பிடித்தவனுக்கு இடைவெளி 26,000. அவனுக்குக் குறைந்தது நாலாயிரம்தான். விலை ஏறும்போதும் இதே கணக்குதான். 60,000-க்கு விற்றுவிட்டேன் என்று குதித்துவிட்டு, 32,000-க்குக் கன்று பிடித்தால் 28,000தான் கையில் நிற்கும். ஆகவே விற்ற விலையைத் தனியாகவும் வாங்கிய விலையைத் தனியாகவும் பேசாதே. ஒரே நாளில் இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார். கோடையில் தட்டு குறைந்திருந்தால் மட்டும் மூன்றை விற்று ஒன்றைப் பிடி, மீதிப் பணம் மழைவரை வங்கியில் கிடக்கட்டும்.

கடன் வாங்கி முதல் போடாதே. தவணை மாதாமாதம் வரும், கிடேரிக்குப் பதினைந்து மாதம் வேண்டும்.

அடுத்த நாலு வாரம் புதன்சந்தைக்குப் போ, மடியில் பணம் இல்லாமல் போ. ஒவ்வொரு வாரமும் இரண்டே விலை எழுதி வா: இரண்டு பல் முளைக்காத 150 கிலோக் கிடேரி என்ன விலைக்குக் கைமாறியது, ஆறு மாதச் சினைக்கிடேரி என்ன விலைக்குப் போனது. பக்கத்தில் உன் போரில் எத்தனை கிலோ தட்டு இருக்கிறது என்றும் குறித்துக்கொள். அந்தத் தாளை எனக்கு அனுப்பு. எத்தனை உருப்படி பிடிக்கலாம் என்பதற்குப் பதில் அதிலேயே இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்