கிராஃபைட்டா, ஸ்டீலா? கோல்ஃப் கடை கவுன்ட்டரில் நிற்பவருக்கு

கோல்ஃப் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: “தம்பி, அயர்ன் செட் எடுக்கணும். கிராஃபைட் போடலாமா, ஸ்டீல் போடலாமா?” பதிலை சீனியர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வயதானவர், பெண்கள் என்றால் கிராஃபைட். வாலிபர் என்றால் ஸ்டீல். அந்தப் பாடத்தை மறந்துவிடுங்கள். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து ஷாஃப்ட் எடுத்துக் கொடுக்கிறவர் கடைசிவரை விற்பனையாளராகவே இருப்பார். ஃபிட்டர் ஆக வேண்டுமானால் வேறு மூன்று விஷயங்களைப் பார்க்கப் பழக வேண்டும்: எடை, மூட்டு, பந்து பட்ட இடம்.

டிரைவருக்கும் ஃபேர்வே உட்டுக்கும் யோசனையே வேண்டாம். இன்று கடைக்கு வருவதெல்லாம் கிராஃபைட்தான். புட்டரிலும் வெட்ஜிலும் பெரும்பாலும் ஸ்டீல். தடுமாற்றம் அயர்ன்களில்தான்.

பழைய பாடம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் வாடிக்கையாளரிடம் பேசுவது சுலபம். ஹிக்கரி மரத் தண்டுகளின் இடத்துக்கு ஸ்டீல் வந்தது 1920களில். அமெரிக்க கோல்ஃப் சங்கம் முதலில் அனுமதித்தது. ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ சங்கம் 1929இல் சம்மதித்தது. 1931இல் பில்லி பர்க் ஸ்டீல் ஷாஃப்டோடு யு.எஸ். ஓபனை ஜெயித்தார். கிராஃபைட் பிறந்தது 1969இல், ஷேக்ஸ்பியர் என்ற அமெரிக்கக் கம்பெனியில், ஃப்ராங்க் தாமஸ் என்ற பொறியாளரின் கையில். ஆரம்பகாலக் கிராஃபைட் அடிக்கும்போது அதிகமாக முறுக்கிக்கொண்டது. பந்து எங்கே போகும் என்று நம்ப முடியவில்லை. “பலம் குறைந்தவர்களுக்கு மட்டும்” என்ற பேர் அப்போது ஒட்டியது. முறுக்கல் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது, பேர் மட்டும் போகவில்லை. 2020 யு.எஸ். ஓபனை பிரைசன் டிஷாம்போ ஜெயித்தபோது அவருடைய அயர்ன்களில் இருந்தது கிராஃபைட். அந்த வருடம் அவரைவிட ஓங்கி அடித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே முதலில் எடை. டைனமிக் கோல்ட் எஸ்300 என்ற பிரபலமான ஸ்டீல் ஷாஃப்ட் ஏறக்குறைய 130 கிராம். நிப்பான் என்.எஸ். ப்ரோ 950, அதுவும் ஸ்டீல்தான், 100 கிராமுக்கும் குறைவு. அயர்னுக்கான கிராஃபைட் பெரும்பாலும் 50 முதல் 80 கிராம். ஆனால் ஏரோடெக் ஸ்டீல்ஃபைபர் போன்றவை கிராஃபைட்டின் மேல் மெல்லிய ஸ்டீல் இழை சுற்றி 95, 110 கிராமிலும் வருகின்றன. லேசான ஸ்டீலைவிடக் கனமான கிராஃபைட் உங்கள் அலமாரியிலேயே இருக்கலாம். “எது?” என்று கேட்பவருக்கு, “எத்தனை கிராம்?” என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்று காட்ட அதில் அச்சிட்ட ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். அவற்றுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் ஆர் போல வளையும்.

லேசான ஷாஃப்ட் பலருக்கு ஸ்விங் வேகத்தைக் கூட்டும். எல்லோருக்கும் இல்லை. மேலே போன கிளப்பை வெடுக்கென்று கீழே இழுப்பவருக்குக் கையில் கனம் தெரிய வேண்டும். லேசாகக் கொடுத்தால் தாளம் தப்பிவிடும். அவர் அறுபது வயதுக்காரராகவும் இருக்கலாம்.

அடுத்தது மூட்டு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். “சார், முழங்கை, மணிக்கட்டு, விரல் எங்கயாவது வலி இருக்கா? ரேஞ்சில் பாய்மேலயா அடிக்கிறீங்க?” கான்கிரீட் மேல் விரித்த பாயில் தினமும் பந்து அடிப்பவரின் கைக்கு ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சி ஏறுகிறது. கிராஃபைட் அதிர்வை நன்றாக உள்வாங்கும். முழங்கை வலிக்காரருக்கு அவர் முப்பது வயதானாலும் கிராஃபைட்டை எடுத்துக் கொடுங்கள். ஆனால் ஷாஃப்ட் மருந்தாகாது, டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பந்து பட்ட இடம். லான்ச் மானிட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே ஒரு டப்பா போதும். 7ஆம் நம்பர் அயர்னின் முகத்தில் மெல்லிய வெள்ளைப் படலமாக அடியுங்கள். வாடிக்கையாளர் அடித்தவுடன் பந்தின் வட்டம் அதில் பதிந்திருக்கும். துடைத்துவிட்டு மறுபடி ஸ்ப்ரே, மறுபடி அடி. ஒரு ஷாஃப்டில் வட்டங்கள் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துக்குள் விழும். இன்னொன்றில் நுனிக்கும் குதிக்காலுக்குமாகச் சிதறும். தூரம் எவ்வளவு போனது என்பதைவிட இந்தச் சிதறலைப் பாருங்கள். அபூர்வமாக விழுந்த நீண்ட அடியைக் காட்டி விலை கூடிய கிராஃபைட்டைத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் நடக்கிறது. அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

பட்டறை வேலை கற்றுக்கொள்பவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். ஸ்டீல் ஷாஃப்டைக் கழற்ற, தலையின் கழுத்தைச் சூடாக்கி எபாக்ஸி இளகியதும் திருகி இழுத்துவிடலாம். கிராஃபைட்டைத் திருகினால் இழை பிரிந்து ஷாஃப்ட் பாழாகும். நிதானமான சூடு, புல்லரில் நேர்கோட்டில் இழுப்பு, அவ்வளவுதான். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, தேய்க்கும் சக்கரத்தால் வெட்டுங்கள். ஸ்டீலுக்கு உதவும் பைப் கட்டரை அதில் வைக்கவே கூடாது. கிராஃபைட் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போடாமல் வெட்டச் சொல்லும் முதலாளியிடம் மாஸ்க் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஸ்டீலைக் கழற்றிவிட்டு அதே தலையில் கிராஃபைட் மாட்டினால் கிளப் முன்பக்கம் கனமில்லாமல் நிற்கும். ஷாஃப்டில் சுமார் 9 கிராம் குறைந்தால் ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது தலைப்பக்கம் தெரியும் கனத்தின் அளவு, ஒரு புள்ளி இறங்கும். தலையில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி ஏறும். 36 கிராம் குறைத்தீர்களா, தலையில் 8 கிராம் சேர்க்க வேண்டியிருக்கும். பல கம்பெனிகள் இதற்காகவே கிராஃபைட் அயர்ன்களைக் கால் முதல் அரை அங்குலம் வரை நீளமாகச் செய்கின்றன. குள்ளமான வாடிக்கையாளருக்கு அந்த நீளம் சரிவருமா என்று பார்த்த பிறகே பில் போடுங்கள்.

பழைய செட்டை எடுத்துக்கொள்ளும்போது ஸ்டீலில் துருவும் வளைவும் பாருங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப் பையோடு மூடிவைத்த செட்டில் கிரிப்புக்குக் கீழேகூடத் துரு பிடித்திருக்கும். கிராஃபைட் துருப்பிடிக்காது. ஆனால் பையின் விளிம்பில் உரசி உரசிப் பெயின்ட் போய், கறுப்பு இழை தெரிய ஆரம்பிக்கும். அப்படி ஆனதை மறுபடி விற்காதீர்கள். அடிக்கும்போது ஒடிந்தால் முனை பறந்துபோய் ஆளைக் காயப்படுத்தும்.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேசுங்கள். கிராஃபைட் செட் பொதுவாக விலை கூடியது. வலி இல்லை, இரண்டிலும் வட்டங்கள் ஒரே மாதிரி விழுகின்றன என்றால் ஸ்டீலை எடுக்கச் சொல்லுங்கள், கமிஷன் குறைந்தாலும் பரவாயில்லை.

பில்லோடு ஒரு சீட்டில் ஷாஃப்டின் பெயர், எடை, நீளம், ஸ்விங்வெயிட், சோதித்த தேதி எல்லாம் எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கடையிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒரு கிளப் உடைந்து அவர் வரும்போது, நீங்கள் லீவில் இருந்தாலும் கவுன்ட்டரில் இருப்பவர் அதே அளவில் செய்துகொடுத்துவிடலாம்.